பூஜ்யம் புள்ளி மூன்று ஆள்

பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்கள் என்ன வேலை என்று கேட்டால் முன்பெல்லாம் முழுதாகப் பதில் சொல்வேன். நாட்டின் அறிவியல், தொழில்நுட்ப ஆராய்ச்சித் திறனை அளக்கிற அலுவலகத்தில் இருக்கிறேன் என்று ஆரம்பிப்பேன். வாக்கியம் முடிவதற்குள் அவர்கள் ஜன்னல் பக்கம் திரும்பியிருப்பார்கள். அதனால் சுருக்கிக்கொண்டேன். "சயின்டிஸ்டுகளை எண்ணுகிறேன்" என்பேன். ஒரு நாள் கரமனைப் பாலம் தாண்டுவதற்குள் ஒரு அம்மாள், "அதுக்கு ஒரு ஆபீஸா?" என்று கேட்டாள். கேட்டதில் ஒரு தப்பும் இல்லை. நானும் அவ்வப்போது அதையே கேட்டுக்கொண்டதுண்டு.

ஆனால் எண்ணுவது அத்தனை லேசான காரியமில்லை. திருவனந்தபுரத்தில் தடுக்கி விழுந்தால் ஒரு ஆராய்ச்சி நிறுவனத்தின் வாசலில்தான் விழவேண்டும். அங்கே இருக்கிற தலைகளையெல்லாம் எண்ணிவிட்டால் போதும் என்றால் ஒரு வாரத்தில் முடித்துவிடலாம். நாங்கள் எண்ணுவது தலையை அல்ல, நேரத்தை. ஒரு பேராசிரியர் பாதி நாள் பாடம் எடுக்கிறார், கால்வாசி மீட்டிங்கில் போகிறது, மிச்சம் கால்வாசியில் ஆராய்ச்சி செய்கிறார் என்றால் எங்கள் அட்டவணையில் அவர் கால் ஆள். அப்படி நான்கு பேர் சேர்ந்தால் ஒரு ஆள். பெரிய பெரிய விருது வாங்கியவர்களையெல்லாம் பூஜ்யம் புள்ளி இரண்டு என்று எழுதியிருக்கிறேன். சம்பந்தப்பட்டவர்களுக்குத் தெரிந்தால் என் மேல் காறித் துப்புவார்கள்.

வங்கியிலிருந்து ரிட்டயரான என் கணவர் இதைக் கேட்டுவிட்டு, "அப்போ நான் எத்தனை ஆள்டி?" என்றார். "பேப்பர் படிக்கற நேரம், தூங்கற நேரம் போகப் பார்த்தா பூஜ்யம் புள்ளி ஒண்ணு தேறும்" என்றேன். "ரவுண்ட் பண்ணி ஒண்ணாக்கப்படாதோ?" என்று கேட்டார். ரவுண்ட் பண்ணினால் பூஜ்யம்தான் வரும் என்று சொல்லி வாயை அடைத்தேன்.

ரிட்டயரான பிறகு இப்படிச் சிரித்துக்கொண்டு இதை எழுத முடிகிறதே என்று எனக்கு இப்போது பெரிய நிம்மதி. போன வருடம் இதே மாதம் எழுதியிருந்தால் இந்தச் சிரிப்பு இருந்திருக்காது. அந்த நாட்களில் சோறு இறங்கவில்லை. நான் செய்த ஒரு தப்புக்காக ஐந்து பேர் மலையை விட்டு இறங்கவேண்டி வரும் போலிருந்தது. அந்தத் தப்பு நடந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. எனக்கு அது நினைவில்கூட இல்லை.

முதலில் எங்கள் வேலை நடக்கிற விதத்தைச் சொல்லிவிடுகிறேன். வருடா வருடம் எல்லா ஆராய்ச்சி நிலையங்களுக்கும் ஒரு படிவம் அனுப்புவோம். எத்தனை ஆராய்ச்சியாளர்கள், எத்தனை தொழில்நுட்ப உதவியாளர்கள், ஒவ்வொருவரும் வருடத்தில் எவ்வளவு நேரம் ஆராய்ச்சியில் செலவழித்தார்கள், என்ன கருவிகள், எத்தனை கட்டுரைகள். நிலையங்கள் நிரப்பி அனுப்பும். நாங்கள் கூட்டி மேலே அனுப்புவோம். மேலே இருப்பவர்கள் எல்லா மாநிலத்தையும் கூட்டி நாட்டின் எண்ணாக்குவார்கள். பிறகு அந்த எண்ணை மற்ற நாடுகளின் எண்ணோடு வைத்துப் பார்த்துவிட்டு டெலிவிஷனில் சண்டை போடுவார்கள். இந்தப் பெரிய எண்ணெல்லாம் எங்கிருந்து கிளம்புகிறது என்றால், எங்கோ ஒரு அறையில் ஒரு கிளார்க் போன வருடத்துப் படிவத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு பார்த்து எழுதுவதிலிருந்து. நிரப்புவதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று பழைய பிரதி ஒன்றை நாங்களே இணைத்து அனுப்புவோம். அது என் யோசனை. அதற்காக ஒரு தடவை என்னைப் பாராட்டியும் இருக்கிறார்கள்.

ஆபீசில் எனக்கு இன்னொரு பெயரும் இருந்தது. பட்டியலைச் சுத்தம் செய்கிறவள். பெயர்ப்பலகையும் ஒரு பூட்டும் மட்டும் இருக்கிற ஆராய்ச்சி மையங்கள் நம் நாட்டில் ஏராளம். அவற்றைத் தேடிப் பிடித்துப் பட்டியலிலிருந்து நீக்குவதில் எனக்கு ஒரு குஷி. முருங்கைக்காயில் நார் உரிக்கிற மாதிரி உரித்து எறிவேன். நேரில் போய்ப் பார்த்து, பூட்டைப் படம் எடுத்துக்கொண்டு வந்து, சிவப்பு மையில் ஒரு கோடு. அன்றைக்குச் சாயங்காலம் காபி கூடுதல் ருசியாக இருக்கும்.

ஆகவே என் அதிகாரி ஒரு பட்டியலைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தபோது எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் நாகர்கோவில் பக்கத்துக்காரர், என்னைவிட வயதில் இளையவர். ஆபீசில் எல்லோருக்கும் மலையாளம். மற்றவர்களுக்குப் புரியாது என்று நினைத்துக்கொண்டு நாங்கள் இருவர் மட்டும் தமிழில் பேசுவோம். எல்லோருக்கும் நன்றாகப் புரியும் என்பது வேறு விஷயம்.

"அக்கா, இதக் கொஞ்சம் பாருங்க. ரெண்டு ஆளுக்குக் கொறஞ்ச யூனிட்ட எல்லாம் வெட்டணும்னு கமிட்டி சொல்லியாச்சு. நீங்க நேர்ல போய்ப் பாத்து ஒரு ஒப்பு போட்டாப் போதும். அடுத்த மாசம் மீட்டிங்" என்றார்.

கமிட்டி வெட்டினால் அந்த நிலையத்தை மூடிவிட்டு, ஆட்களைத் தலைமை நிறுவனத்தோடு சேர்த்துவிடுவார்கள். பட்டியலில் கடைசியாக வித்துராவுக்கு மேலே காட்டுக்குள் இருக்கிற ஒரு கள நிலையம். மொத்த ஆராய்ச்சிப் பணியாளர்: பூஜ்யம் புள்ளி மூன்று ஆள். ஒரு முழு ஆள்கூடத் தேறாத இடத்துக்கு எதற்கு ஒரு கட்டிடம், ஒரு ஜீப் என்று நினைத்தேன். ரிட்டயராக ஐந்து மாதம் இருந்தது. போகிற போக்கில் இதையும் துடைத்துவிட்டுப் போவோம் என்று கிளம்பினேன்.

வித்துரா வரை பஸ். அங்கிருந்து நிலையத்தின் ஜீப் வந்து ஏற்றிக்கொண்டது. கடைசி இரண்டு கிலோமீட்டர் என் முதுகெலும்பு ஒவ்வொன்றும் தனித்தனியாக என்னோடு சண்டை போட்டது. இறங்கியதும் காலில் அட்டை. எரிச்சலில் கண்ணை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டுவிட்டு அதே ஜீப்பில் திரும்பிவிடலாம் போலிருந்தது.

வாசலில் ஒரு பெண் உப்புப் பொட்டலத்தோடு நின்றிருந்தாள். நாற்பது வயது இருக்கும். சுரிதாருக்கு மேலே காக்கிச் சட்டை, முழங்கால் வரை ரப்பர் பூட்ஸ். குனிந்து என் காலில் உப்பைத் தேய்த்து அட்டையை விழச் செய்தாள். நான் ஒரு வார்த்தை தமிழில் முனகியதைக் கேட்டு முகம் மலர்ந்தாள். அவளுடைய தாத்தா காலத்தில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போணக்காடு எஸ்டேட்டுக்குத் தேயிலை பறிக்க வந்த குடும்பம். எஸ்டேட் படுத்துப்போன பிறகு அவள் இங்கே வாச்சராகச் சேர்ந்திருக்கிறாள். வாச்சர் என்றால் காவல்காரர். அவளையும் சேர்த்து ஐந்து வாச்சர்கள். மற்ற நால்வரும் அப்போது காட்டுக்குள் போயிருந்தார்கள்.

"சார் இன்னைக்கு இல்ல மேடம். செவ்வாயும் வெள்ளியும்தான் வருவாரு. பின்னே ஹெட் ஆபீஸ்ல அவருக்கு வேற சார்ஜு இருக்கு அல்லே" என்றாள்.

அந்த சார்தான் பூஜ்யம் புள்ளி மூன்று. சரிதான், கணக்கு ஒத்துப்போகிறது என்று திருப்தியோடு, "இங்கே என்ன நடக்கிறதோ அதைக் காட்டுங்கள், பார்த்துவிட்டுப் போகிறேன்" என்றேன்.

ஓடைக்குக் கூட்டிப்போனாள். தண்ணீரின் குறுக்கே ஒரு சின்ன கான்கிரீட் தடுப்பு. அதில் சென்டிமீட்டர் கோடு போட்ட ஒரு பலகை. நான் நின்றபடியே பார்த்து ஒரு எண்ணைச் சொன்னேன். அவள் தண்ணீர் மட்டத்துக்குக் கண் வருகிற மாதிரி குத்தவைத்து உட்கார்ந்தாள்.

"நின்னுட்டுப் பாத்தா கூடக் காமிக்கும் மேடம். இருந்து பாக்கணும்" என்று சொல்லி, என் எண்ணிலிருந்து ஒன்றரை குறைத்து நோட்டில் எழுதினாள்.

பிறகு மரங்கள். ஒவ்வொரு மரத்தின் இடுப்பிலும் ஸ்பிரிங் வைத்த ஒரு தகரப் பட்டை. மரம் பருக்கிறதா, வெயிலில் சுருங்குகிறதா என்று மாதம் ஒரு முறை அளக்கிறார்கள். மரத்தடியில் வலைக் கூடைகள். விழுகிற இலையைப் பொறுக்கி, எந்த மரத்து இலை என்று பிரித்து, காயவைத்து, எடைபோடுகிறார்கள். ஒரு இலையை எடுத்து இது என்ன என்று கேட்டேன். பெயர் சொன்னாள். அதற்குப் பிறகு அறிவியல் பெயரையும் தயங்கித் தயங்கிச் சொன்னாள், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று என் முகத்தைப் பார்த்தாள். எனக்கு அது சரியா தப்பா என்றே தெரியாது. தெரிந்த மாதிரி தலையை ஆட்டினேன்.

மழைமானி இருக்கிற திட்டில் தானாகவே பதிவு செய்கிற புது மெஷின் ஒன்று நின்றது. "இப்பம் இது சரியா ஓடுது. போன மழைக்கு இது பொய் சொல்லிச்சு" என்றாள்.

"பொய்யா?"

"நான் கையால அளந்து எழுதறதுக்கும் இது எழுதறதுக்கும் நாலு நாளா ஒத்துவரல. என்னோட கைதான் பெசகுதோன்னு வேற ஒரு பாட்டில் வச்சு மூணாவதா ஒண்ணு அளந்தேன். அதும் என் நோட்டோட ஒத்து வந்துச்சு. பின்னே மூடியத் தொறந்து பாத்தா உள்ள எறும்பு கூடு கட்டியிருக்கு. சார்கிட்ட சொன்னேன். சார் நாலு நாள் கணக்கயும் மாத்தி எழுதினாரு."

இதைச் சந்தைக்குப் போய் வந்த கதை மாதிரி சொல்லிவிட்டு நடந்தாள். எனக்கு அப்போதே ஏதோ இடறியது. ஆனால் பதினாறு வருடப் பழக்கம் லேசில் விடுமா? கட்டிடத்துக்குத் திரும்பி, பால் விடாத கட்டன் சாயாவைக் கையில் வாங்கிக்கொண்டு, படிவத்தை விரித்து வைத்துக் கேட்கவேண்டிய கேள்வியைக் கேட்டேன். ஒரு நாளைக்கு ஆராய்ச்சியில் எத்தனை மணி நேரம் செலவாகிறது?

"ரிசர்ச்சா?" என்று சிரித்தாள். "அது சார் பண்ணுவாரு மேடம். எங்களுக்கு ஜோலி மட்டுந்தான்."

என் பேனா பூஜ்யம் போட்டுவிட்டது. போட்ட பிறகுதான் எனக்கே உறைத்தது. வந்ததிலிருந்து இவள் செய்ததெல்லாம் என்ன? ஒரு கணம்கூட யாரும் எதையும் காவல் காத்ததாக நான் பார்க்கவில்லையே.

அவள் சாயா கிளாசைக் கீழே வைத்துவிட்டு, "மேடம், இத நிறுத்தப் போறாங்கன்னு கேட்டோம். அது நேரா?" என்றாள். உண்மையா என்று கேட்கிறாள். நான் படிவத்தைப் பார்த்தேன், அவளே தொடர்ந்தாள். "எங்கள டவுனுக்கு மாத்துவாங்களாம். கேட்டுல உக்காரச் சொல்லுவாங்க. வாச்சர்னுதானே பேரு. அது போட்டும். இந்த ஓடை, மழை எல்லாம் பதினெட்டு கொல்லமா ஒரு நாள் விடாம எழுதியிருக்கு. என் கல்யாணத்தன்னைக்கும் காலைல வந்து பாத்து எழுதிட்டுத்தான் போனேன். நடுவுல நின்னு போச்சுன்னா பின்னே வந்து எழுத முடியாதல்லோ?"

முடியாது. பதினெட்டு வருடத்துக் கணக்கு அது. ஒரு கருவி உடைந்தால் வேறு வாங்கலாம். பெய்த மழையைத் திரும்ப அளக்க முடியாது. அது எனக்குத் தெரியாத விஷயமா? ஆனால் அதை ஒருத்தி முகத்தைப் பார்த்துக் கேட்டபோது என்னால் அவள் கண்ணைப் பார்க்க முடியவில்லை. போன வருடத்துப் பிரதியைக் காட்டுங்கள் என்று சொல்லிப் பேச்சை மாற்றினேன்.

அவள் இரும்பு அலமாரியைத் திறந்து பழைய படிவக் கட்டு ஒன்றையே தூக்கிவந்து வைத்தாள். எதையும் தூக்கிப்போடாத இடம் அது. வருட வாரியாகப் புரட்டினேன். எல்லாவற்றிலும் தொழில்நுட்ப உதவியாளர் என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். அடியில் கிடந்த, நிலையம் எங்கள் பட்டியலில் சேர்ந்த வருடத்து முதல் படிவத்தில் மட்டும் வேறாக இருந்தது. அங்கே யாரோ தெளிவாக ஐந்து என்று எழுதியிருந்தார்கள். அந்த ஐந்தைச் சிவப்பு மையில் அடித்து, பக்கத்தில் குறிப்பு எழுதி, திருத்தி அனுப்பும்படி திருப்பியிருந்தார்கள். "வாச்சர், காவல் பணி. கணக்கில் சேராது." கீழே சுருக்கொப்பம்.

என் கையெழுத்து எனக்குத் தெரியாதா? என்னுடையதேதான்.

அந்தப் பிரிவுக்கு நான் வந்த புதிதில் எழுதியது. எழுதியதாக எள்ளளவும் நினைவில்லை, அதுதான் அதிகம் உறுத்தியது. ஒரு நாள் மத்தியானம், முப்பது நாற்பது படிவங்களுக்கு நடுவில், பாதித் தூக்கத்தில் அடித்திருப்பேன். ஒருவருடைய பதவிப் பெயரைப் பார்க்காதே, அவர் செய்கிற வேலையைப் பார் என்பது எங்கள் விதிப் புத்தகத்தின் முதல் அத்தியாயம். அதை எத்தனையோ பயிற்சி வகுப்புகளில் நானே மைக் பிடித்துச் சொல்லியிருக்கிறேன். ஆனால் சர்க்கார் ஆபீசில் வளர்ந்த புத்தி எங்கே போகும்? எங்களுக்கு ஆள் என்றாலே டெசிக்னேஷன்தான். வாச்சர் என்று எழுதியிருந்தால் அவர் கேட்டில்தான் உட்கார்ந்திருக்கவேண்டும். நான் அடித்த அந்தப் பூஜ்யத்தை, நானே கொண்டுவந்த பழைய பிரதி வழக்கம் பதினாறு வருடம் பத்திரமாகச் சுமந்து வந்திருந்தது.

அவளிடம் விஷயத்தைச் சொல்லவில்லை. தைரியம் வரவில்லை என்பதுதான் உண்மை. அவளை உட்காரவைத்து, காலையில் வந்ததிலிருந்து மாலை போகிறவரை என்னென்ன செய்கிறாள் என்று மணி வாரியாகச் சொல்லச் சொல்லி எழுதிக்கொண்டேன். எட்டிலிருந்து நான்கு வரை ஒவ்வொரு மணியும் அளப்பது, எடைபோடுவது, எழுதுவது. படத்துக்கு ஒரு பூட்டும் கிடைக்காமல் மலையிறங்கினேன்.

மறுநாள் காலையில் முதல் படிவத்தின் பிரதியை அதிகாரி முன்னால் வைத்தேன். அவர் பார்த்தார், என்னைப் பார்த்தார், எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

"இது நீங்க போட்ட ஒப்புல்லா?"

"ஆமாம் சார்."

"அக்கா, இப்பம் என்ன செய்யச் சொல்லுதிய? அஞ்சு மாசத்துல ரிட்டயராகப் போறிய. ஃபைல்ல இப்படி ஒரு நோட்டு வேணுமா? புது விதிப்படி திருத்தம்னு எழுதி அடுத்த வருசத்துக்குச் சேத்துருவோம். ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

அவர் என் மேல் உள்ள அக்கறையில்தான் சொன்னார். ஒரு நிமிடம் எனக்கும் அது மிகவும் நல்ல யோசனையாகப் பட்டது. புது விதி என்று எழுதினால் தப்பு யாருடையதும் இல்லை. ஆனால் புது விதி அடுத்த வருடக் கணக்குக்குத்தான் பொருந்தும். இந்த வருடக் கணக்கு பூஜ்யம் புள்ளி மூன்றாகவே நிற்கும். கமிட்டி அடுத்த மாதம் வெட்டிவிடும். அடுத்த வருடம் சேர்ப்பதற்கு அங்கே ஆளும் இருக்காது, ஓடையைப் பார்க்கிற கண்ணும் இருக்காது. இந்த வருடத்து எண் மாறவேண்டுமானால் ஒரே வழிதான். இந்த அலுவலகம் ஆரம்பத்திலேயே தவறாக வகைப்படுத்திவிட்டது, வகைப்படுத்தியது நான், என்று எழுதவேண்டும்.

இதை அவரிடம் சொன்னேன். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "அப்போ வேற எத்தன எடத்துல இதப்போல அடிச்சிருக்கியன்னும் கேப்பாங்க. அதுக்கும் பதில் வேணும்லா?" என்றார்.

அந்தக் கேள்விதான் என்னை மூன்று நாள் தின்றது. பழைய படிவங்கள் இருக்கிற அலமாரி முழுவதையும் இறக்கினேன். தும்மித் தும்மி மூக்கு சிவந்துபோயிற்று. ஒவ்வொன்றிலும் என் சிவப்பு மையைத் தேடினேன். கிடைக்கக்கூடாதே என்று வேண்டிக்கொண்டு தேடுவது ஒரு வினோதமான தேடல். கரமனைக் கோவில் வாசலைத் தாண்டும்போதெல்லாம், இன்றைக்கு ஒன்றும் அகப்படாமல் இருக்கவேண்டும் என்று ஒரு கும்பிடு. கடைசியில் இன்னும் ஒன்றே ஒன்றுதான் அகப்பட்டது. விழிஞ்ஞத்தில் ஒரு கடல் ஆய்வுக்கூடத்தின் படகோட்டி. ஆழத்திலிருந்து நீர் மாதிரி எடுப்பதே அவர் வேலை, அவரையும் டிரைவர் என்று அடித்திருந்தேன். அங்கே வேறு ஆட்கள் நிறைய இருந்ததால் அந்தத் தப்பு யாரையும் பாதிக்கவில்லை. அலமாரியைத் திரும்ப அடுக்கியபோது தோள் வலி பொறுக்கமுடியவில்லை, ஆனாலும் பாட்டு முணுமுணுத்தேன்.

மீட்டிங்கில் தலைவர் ஒரு ஓய்வுபெற்ற விஞ்ஞானி. குறைவாகப் பேசுகிறவர், கேட்கிற கேள்வி மட்டும் ஊசி போல இறங்கும். என் குறிப்பைப் படித்துவிட்டு, இது யாருடைய தவறு என்று கேட்டார். என்னுடையது என்றேன். அவர் தலையாட்டிவிட்டு அடுத்த கேள்விக்குப் போனார். தினமும் ஒரு பலகையைப் பார்த்து எண்ணை எழுதினால் அது ஆராய்ச்சியா? அப்படியானால் வீடு வீடாகக் கரண்டு மீட்டர் பார்க்கிறவரையும் சேர்க்கலாமே?

யாரோ சிரித்தார்கள். நியாயமான கேள்விதான், நானே பிறரிடம் கேட்டிருக்கக்கூடிய கேள்வி. அதனால் எனக்குப் பதிலும் தெரிந்திருந்தது. கரண்டு மீட்டர் பார்ப்பது பில் போடுவதற்கு. இவர்கள் எழுதுகிற எண்ணுக்கு ஆராய்ச்சியைத் தவிர வேறு உபயோகம் எதுவும் கிடையாது. அந்த எண்கள் நின்றால் அங்கே நடக்கிற ஆராய்ச்சியும் அன்றோடு நின்றது. இதைச் சொல்லிவிட்டு எறும்புக் கூட்டின் கதையையும் சொன்னேன். மெஷினைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் தன் கையைச் சந்தேகப்பட்டு மூன்றாவதாக ஒரு பாட்டிலை வைத்தாள் என்று சொன்னபோது தலைவர் பேனாவைக் கீழே வைத்தார். அதை அவளுக்கு யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டார். யாரும் இல்லை என்று நினைக்கிறேன் என்றேன். அவர் வெட்டவேண்டிய நிலையங்களின் பட்டியலை எடுத்து, கடைசி வரியை அடித்துவிட்டு, அடுத்த விஷயத்துக்குப் போகலாம் என்றார்.

என் மேல் நடவடிக்கை இல்லை, விளக்கம் கேட்டு ஒரு கடுதாசுகூட இல்லை. ஒரு மாதமாக நான் மனசுக்குள் தயார் செய்து வைத்திருந்த பதில்களெல்லாம் வீணாய்ப் போயின. வெளியே வந்து முகம் கழுவினேன், கழுவும்போதே அழுகை வந்தது. என்ன அழுகை என்று எனக்கே கோபம். என் அதிகாரி காரிடாரில் நின்று, "ஒரு சாயா குடிப்பமா அக்கா?" என்றார். கான்டீனில் அவர் பழம்பொரி என்கிற வாழைப்பழ பஜ்ஜி ஒன்று சாப்பிட்டார், நான் மூன்று சாப்பிட்டேன்.

அன்று சாயங்காலம் நிலையத்துக்குப் போன் செய்தேன். மலையில் ஒரு வளைவில் மட்டும்தான் சிக்னல் கிடைக்கும். நான்கு தடவை அடித்த பிறகு அவளே திரும்பக் கூப்பிட்டாள். மூடவில்லை, யாரும் எங்கேயும் போகவேண்டாம் என்றேன். அந்தப் பக்கம் அவள் யாரையோ பெயர் சொல்லிக் கத்திக் கூப்பிடுவதும், அங்கே இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் பேசுவதும் கேட்டது.

அவர்கள் ஓய்ந்ததும் மிச்சத்தையும் சொன்னேன். பதினாறு வருடத்துக்கு முன்னால் அந்த ஐந்தை அடித்தது நான்தான் என்றும், அன்றைக்கு உங்கள் எதிரே உட்கார்ந்திருந்தபோதே எனக்கு அது தெரியும், சொல்ல வாய் வரவில்லை என்றும் சொன்னேன். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டினால் தேவலை என்றுகூட இருந்தது.

"அது போட்டும் மேடம்" என்றாள். "இப்பம் எங்கள எப்படி எழுதியிருக்கு?"

"தொழில்நுட்ப உதவியாளர்னு. அஞ்சு பேரும் அஞ்சு முழு ஆள்."

"முழுசா ஒண்ணுன்னா?"

"வருஷம் பூரா ஆராய்ச்சி வேலைதான்னு அர்த்தம்."

"அப்படிப் போடாதீங்க மேடம். அது சரியில்ல" என்றாள்.

என்ன சரியில்லை என்று கேட்டேன்.

"நீங்க ஒரு நாளக் கேட்டீங்க, நான் ஒரு நாளச் சொன்னேன். வேனக்காலத்துல ரெண்டு மாசம் காட்டுத்தீ கேறாம இருக்க வழி வெட்டுறதுதான் ஜோலி. ஓடை பாக்க காலைல ஒராள் மட்டும் போகும். மழை விட்டா வேலி கட்ட, பாதை சரியாக்க அது ஒரு மாசம். அதெல்லாம் ரிசர்ச்சு இல்லல்லோ? முக்கால்னு போடுங்க. முக்காலுன்னு போட்டா எங்கள மூடுவாங்களா?"

மனசுக்குள் கூட்டிப் பார்த்தேன். ஐந்து பேருக்கும் ஆளுக்கு முக்கால் என்றால் மூன்றே முக்கால், அதோடு அந்த சாரின் பூஜ்யம் புள்ளி மூன்று. இரண்டுக்கு எவ்வளவோ மேலே. மூடமாட்டார்கள் என்றேன்.

"அப்போ முக்காலே போடுங்க. அதான் சரியான கணக்கு."

பெரிய பெரிய நிறுவனங்களின் இயக்குநர்கள் எனக்குப் போன் செய்திருக்கிறார்கள். எண்ணைக் கொஞ்சம் கூட்டிப் போடுங்கள் என்று கெஞ்சியிருக்கிறார்கள், மிரட்டியும் இருக்கிறார்கள். பதினாறு வருடத்தில் என்னைக் கூப்பிட்டுக் குறைத்துப் போடச் சொன்னவள் அவள் ஒருத்திதான்.